ஒரே பட்டறை, ஒரே தூசி: ஒருவருக்கு மட்டும் நோய் வருவது ஏன்?

நீங்கள் முன்பு கப்பல் பட்டறையிலோ, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலோ, மின்னணுத் தொழிற்சாலையிலோ, உலோகம் கடையும் பட்டறையிலோ வேலை செய்தவரா? அல்லது அப்படி வேலை செய்தவரின் மனைவியா, பிள்ளையா? இந்தப் பாடம் உங்களுக்காக எழுதப்பட்டது. கொஞ்சம் நீளமானது. ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. கண் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

பழைய வேலை நண்பர்கள் காப்பிக் கடையில் சந்திக்கும்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. இருவர் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரே ஃபோர்மனிடம் வேலை பார்த்தார்கள். ஒரே தூசியைச் சுவாசித்தார்கள். ஒருவர் எழுபது வயதிலும் தினமும் மெதுவோட்டம் ஓடுகிறார். இன்னொருவருக்கு வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. இது ஏன்? 'வயசாயிடுச்சு' என்பார் ஒருவர். 'சிகரெட்' என்பார் மற்றொருவர். 'தலையெழுத்து' என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவிடுவார்.

வயதும் சிகரெட்டும் உண்மையான காரணங்கள்தான். ஆனால் சில உலோகங்களைப் பொறுத்தவரை, பெற்றோரிடமிருந்து நாம் பெற்ற மரபணுவும் ஒரு காரணம். அதைப் பற்றித் தெரிந்துகொண்டால், மூச்சு வாங்குவதை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடாமல், டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குப் புரியும்.

எல்லா உலோகமும் ஒன்றல்ல

பெரும்பாலான உலோகத் தூசிகளில் கணக்கு எளிது. அதிகம் சுவாசித்தால் அதிகப் பாதிப்பு, குறைவாகச் சுவாசித்தால் குறைவான பாதிப்பு. துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்த அன்று இரவு குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வந்து, ஓரிரு நாளில் தானாகச் சரியாவதை வெல்டர்கள் பலர் அனுபவித்திருப்பார்கள். பல ஆண்டுகள் இரும்புப் புகையைச் சுவாசித்தவர்களின் எக்ஸ்ரே படத்தில் புள்ளி புள்ளியாக நிழல் தெரியும். அதைப் பார்த்துப் பயப்படுவோர் உண்டு. ஆனால் இரும்புத் தூசி மட்டும் படிந்திருந்தால் பெரும்பாலும் மூச்சுத் திறன் அதிகம் குறைவதில்லை.

பெரிலியம் என்ற உலோகம் வேறு வகை. எஃகைவிடப் பல மடங்கு இலேசானது, உறுதியானது. இதன் தூசியை நிறையச் சுவாசித்தவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். கொஞ்சமே சுவாசித்தவருக்கு இருபது ஆண்டு கழித்து நோய் வரலாம். மரபணுவின் பங்கு மிகத் தெளிவாகக் கண்டறியப்பட்ட தொழில்சார் நுரையீரல் நோய் இதுவே. ஆகவே இந்தப் பாடத்தில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

'பெரிலியமா? நான் கேள்விப்பட்டதே இல்லையே' என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பெயர் பட்டறையில் யார் வாயிலும் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் பொருள் கையில் இருந்திருக்கக்கூடும். எண்ணெய்க் கப்பலிலும் சுத்திகரிப்பு ஆலையிலும் தீப்பொறி பறக்காத சுத்தியல், ஸ்பேனர், உளி ஆகியவற்றைப் பயன்படுத்தியது நினைவிருக்கிறதா? பார்ப்பதற்குப் பித்தளை அல்லது தங்க நிறத்தில் இருக்கும். அவற்றில் ஒரு வகை, செம்பில் சுமார் 2 விழுக்காடு பெரிலியம் கலந்து செய்யப்பட்டது. அந்தக் கருவியைப் பிடித்து வேலை செய்ததால் நுரையீரலுக்கு ஆபத்து வந்துவிடாது. மழுங்கிப்போன உளியைக் கிரைண்டரில் பிடித்துத் தீட்டும்போது பறந்த தூள்தான் பிரச்சினை.

கப்பலின் உடலிலிருந்து பழைய சாயத்தையும் துருவையும் அகற்ற, காற்றழுத்தத்தால் பீய்ச்சியடிக்கப்படும் கறுப்பு மணலையும் பலர் அறிவீர்கள். செம்பு உருக்கும் ஆலைகளில் மிஞ்சும் கசடைப் பொடித்துச் செய்த மணல் அது. அதில் பெரிலியம் மிக மிகச் சொற்பமாக இருக்கக்கூடும். ஆனால் பிளாஸ்டிங் வேலையில் எழும் தூசி சொற்பமல்ல. அந்தப் புழுதி மண்டலத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்னணுத் துறையில் இணைப்பிகள், சிறு ஸ்பிரிங்குகள் ஆகியவற்றைச் செய்யப் பெரிலியம் கலந்த செம்பு பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. செயற்கைப் பல் செய்யும் கூடங்களில் பயன்படுத்தப்பட்ட சில நிக்கல் கலவைகளிலும் பெரிலியம் இருந்தது. அவற்றை உருக்கி, தேய்த்து, மெருகேற்றியவர்களுக்கு நோய் வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

இந்த நோயை உலகம் எப்படி அறிந்தது?

1940களில் அமெரிக்காவில் குழல் விளக்குகள் பெருமளவில் தயாரிக்கப்பட்டன. விளக்கின் உட்புறத்தில் பூசப்பட்ட வெள்ளைப் பொடியில் பெரிலியம் இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில் இத்தகைய தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், ஒருவர் பின் ஒருவராக மூச்சுத் திணறலால் பாதிக்கப்பட்டார்கள். உடல் இளைத்தது. சிலர் இறந்தார்கள். காரணம் தெரியாத, 'சார்கோய்டோசிஸ்' என்ற வேறொரு நோயைப் போல இருந்ததால், அந்த ஊர்ப் பெயரையே அதற்கு அடைமொழியாக வைத்து அழைத்தார்கள். பெரிலியத்துக்கு நச்சுத்தன்மை இல்லை என்று 1943ல் வெளிவந்த ஓர் அரசாங்க அறிக்கை கூறியிருந்ததால், அதன் மேல் சந்தேகம் எழவில்லை.

ஹேரியட் ஹார்டி என்ற பெண் டாக்டர் அந்த நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசினார். என்ன வேலை, எந்தப் பிரிவு, எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வேலையை விட்ட பிறகுகூட நோய் வருகிறது என்பது அதில் தெரிந்தது. 1946ல் அவரும் உடன் பணியாற்றிய ஒரு டாக்டரும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1949ல் அமெரிக்க விளக்குத் தயாரிப்பாளர்கள் பெரிலியத்தைக் கைவிட்டார்கள். ஒரு டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்ட கேள்விகளில்தான் அந்த நோய் பிடிபட்டது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இது உங்களுக்கும் பயன்படும்.

ஓஹாயோ மாநிலத்தின் லொரேன் நகரில் நிலைமை இன்னும் விசித்திரமாக இருந்தது. பெரிலியம் ஆலைக்குள் காலே வைக்காத, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் சிலருக்கும் நோய் வந்தது. ஆலைப் புகை காற்றில் வந்தது ஒரு காரணம். வேலை உடுப்பில் ஒட்டிவந்த தூசி மற்றொரு காரணம். கணவரின் அழுக்கு உடுப்பை உதறித் துவைத்த மனைவிக்கும் நோய் வரலாம் என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆலைக்குள் இருந்தவர்களைவிட மிகமிகக் குறைவான தூசியைச் சுவாசித்தவர்கள் இவர்கள். ஆலைக்குள் நாள் முழுவதும் நின்ற பலரோ நோயின்றி இருந்தார்கள்.

ஹெர்பர்ட் ஆண்டர்சன் என்ற இயற்பியல் அறிஞரின் கதையும் இதைப் போன்றது. 1942ல் சிக்காகோவில் உலகின் முதல் அணு உலையை உருவாக்கிய குழுவில் இருந்தவர். அந்த ஆய்வுகளுக்குப் பெரிலியம் தேவைப்பட்டது. அவருக்கு நோய் வந்தது. பல ஆண்டுகள் அதனுடன் போராடி 1988ல் இறந்தார். படிப்போ பதவியோ இந்த நோயைத் தடுப்பதில்லை.

அளவு மட்டும் காரணம் இல்லையென்றால், உடலுக்குள்ளேயே ஏதோ ஒரு வேறுபாடு இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் நீண்டகாலம் சந்தேகித்தார்கள். விடை கிடைக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

பணியாரச் சட்டியில் ஒரு குழி

நம் உடலில் கிருமிகளைப் பிடிக்கும் வெள்ளை அணுக்கள் உள்ளன. அவற்றில் ஒரு வகை, தான் பிடித்த பொருளின் சிறு துண்டைத் தன் மேற்பரப்பில் உள்ள ஒரு தட்டில் வைத்து, காவலர் போன்ற இன்னொரு வகை அணுவிடம் காட்டும். 'இது நம்முடையதா, அந்நியமா?' என்று கேட்பது போல. நம்முடையது என்றால் காவலர் பேசாமல் போய்விடுவார். அந்நியம் என்றால் கூட்டத்தைக் கூப்பிடுவார். கிருமிகளிடமிருந்து நாம் தப்புவது இந்த ஏற்பாட்டால்தான்.

அந்தத் தட்டின் வடிவம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்காது. அது பெற்றோரிடமிருந்து வருவது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. உறுப்பு மாற்று சிகிச்சைக்குமுன் இரத்தம் எடுத்துப் 'பொருத்தம்' பார்ப்பார்களே, அதில் பார்க்கப்படுவதும் இத்தகைய தட்டுகளைத்தான்.

1993ல் இத்தாலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் பெரிலிய நோயாளிகளின் மரபணுவை, அதே தூசியில் வேலை செய்தும் நோய் வராதவர்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட தட்டின் 69ஆவது இடத்தில் ஒரே ஒரு சிறு வேறுபாடு இருந்தது. வழக்கமாக அங்கே லைசின் என்ற புரதக் கூறு இருக்கும். நோயாளிகளில் 97 விழுக்காட்டினருக்கு அதற்குப் பதிலாகக் குளுட்டாமிக் அமிலம் இருந்தது. நோய் வராதவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கே அது இருந்தது. நீண்ட புத்தகத்தில் ஓர் எழுத்து மாறியதைப் போன்ற சிறு மாற்றம் இது.

அந்த ஓர் எழுத்து என்ன செய்துவிடும்? பணியாரச் சட்டியை நினைத்துப் பாருங்கள். தட்டையான தோசைக்கல்லில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருண்டு ஓடிவிடும். பணியாரச் சட்டியின் குழியில் வைத்தால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். குளுட்டாமிக் அமிலம் உள்ள தட்டில் அப்படி ஒரு குழி உண்டாகிறது. பெரிலியம் மிகச் சிறிய உலோகம். அதில் கச்சிதமாக அமர்ந்துகொள்கிறது. உட்கார்ந்ததும் தட்டின் மேற்பரப்பு இலேசாக மாறுகிறது. காவலர் வந்து பார்க்கிறார். நம் சொந்தப் பொருளே அவருக்கு அந்நியமாகத் தெரிகிறது. கூட்டத்தைக் கூப்பிடுகிறார்.

பெரிலியம் கிருமியைப் போலச் சாவதில்லை. நுரையீரலில் பல ஆண்டுகள் தங்கிவிடும். ஆகவே கூட்டமும் கலைவதில்லை. வெள்ளை அணுக்கள் கூடிக் கூடிச் சிறு முடிச்சுகளாகின்றன. முடிச்சைச் சுற்றித் தழும்பு உண்டாகிறது. பஞ்சு போல விரிய வேண்டிய நுரையீரல் மெல்ல மெல்ல விறைத்துப்போகிறது. இது விஷம் ஏறுவதால் வரும் நோய் அல்ல. ஒவ்வாமைக்கு நெருங்கிய உறவுள்ள நோய். ஒருவர் இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கிறது, பக்கத்தில் இருப்பவர் தட்டு நிறையச் சாப்பிட்டும் ஒன்றும் ஆவதில்லை. அதைப் போலத்தான். ஆனால் இறால் தடிப்பு இரண்டு நாளில் போய்விடும், இது போகாது.

இதே 69ஆவது இடத்து மாற்றம் இன்னொரு நோயிலும் தென்பட்டது. கடைசல், துளையிடும் கருவிகளின் முனைகளைக் கடினமாக்க டங்ஸ்டன் கார்பைடும் கோபால்ட்டும் சேர்த்த கலவை பயன்படுகிறது. அதைத் தீட்டும்போது வரும் தூசியால் சிலருக்கு நுரையீரல் நோய் வருகிறது. அவர்களிடமும் இந்த மரபணு அதிகமாகக் காணப்பட்டதை 1997ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே கடைசல் பட்டறையில் 'டூல்' தீட்டும் வேலை பார்த்தவர்களும் தொடர்ந்து படியுங்கள்.

மரபணு இருந்தால் நோய் நிச்சயமா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

முதலாவது, தூசி இல்லாமல் இந்த நோய் இல்லை. மரபணு மட்டும் உள்ளவர், பெரிலியத்தைச் சுவாசிக்காதவரை, அதனால் எந்தத் துன்பமும் அடைவதில்லை. இரண்டாவது, இந்த மரபணு அபூர்வமானது அல்ல. பல இன மக்களிடமும் உண்டு. மேலே சொன்ன ஆய்வில் நோய் வராதவர்களிலேயே பத்தில் மூவருக்கு இருந்ததைக் கவனியுங்கள். மூன்றாவது, மரபணுவும் தூசியும் சேர்ந்த பிறகும், பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. அது இல்லாத சிலருக்கும் வந்திருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்க ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். நூறு பேர் வேலை செய்கிறார்கள். முப்பத்தைந்து பேருக்கு அந்த மரபணு இருக்கிறது. அவர்களில் நான்கு பேருக்கு நோய் வருகிறது. மரபணு இல்லாத அறுபத்தைந்து பேரில் ஒருவருக்கு வருகிறது. இப்போது முதலாளி மரபணுச் சோதனை செய்து அந்த முப்பத்தைந்து பேரையும் வேலைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? நால்வரைக் காப்பாற்ற, நோய் வரப்போகாத முப்பத்தொரு பேரின் சோற்றில் மண் விழும். உள்ளே இருக்கும் அந்த ஒருவரோ அப்போதும் நோயாளியாவார். அதைவிடத் தூசியை உறிஞ்சும் இயந்திரத்தைப் பொருத்தினால் ஐந்து பேருக்கும் நன்மை. வேலையிடச் சுகாதார வல்லுநர்கள் பலரும் ஆட்களைப் பொறுக்கியெடுப்பதைவிடக் காற்றைச் சுத்தமாக்குவதையே வலியுறுத்துவது இதனால்தான். அமெரிக்காவில் காற்றில் இருக்கக்கூடிய பெரிலியத்தின் அளவு, ஒரு கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்று பல பத்தாண்டுகள் இருந்தது. 2017ல் அதைப் பத்தில் ஒரு பங்காக, 0.2 மைக்ரோகிராமாகக் குறைத்தார்கள்.

ஆகவே, 'எனக்கு அந்த மரபணு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்' என்று டாக்டரிடம் கேட்க வேண்டாம். 'ஆம்' என்று முடிவு வந்தாலும் நோய் இருப்பதாகப் பொருள் இல்லை. 'இல்லை' என்று வந்தாலும் நோய் இல்லை என்று உறுதியில்லை. தேவையில்லாத கவலைதான் மிஞ்சும். பிள்ளைகளுக்கு நான் இதைக் கொடுத்துவிட்டேனோ என்ற வருத்தமும் வேண்டாம். மரபணு அவர்களுக்குப் போயிருக்கலாம். நோய் அப்படிப் போவதில்லை. அவர்கள் அலுவலக வேலையில் இருந்தால் இதைப் பற்றி நினைக்கக்கூட வேண்டியதில்லை.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இந்த நோய் அவசரப்படுவதில்லை. வேலையை விட்டுப் பத்து, இருபது, ஏன் முப்பது ஆண்டுகள் கழித்தும் வரலாம். படியேறும்போது மூச்சு வாங்குவதும், சளி இல்லாத வறட்டு இருமலும், காரணமில்லாத களைப்புமே பெரும்பாலும் முதலில் தெரிபவை. சிலருக்கு எடை குறையும், இரவில் வியர்க்கும், மூட்டு வலிக்கும், இலேசான காய்ச்சல் வந்து வந்து போகும். இவை எல்லாம் வேறு பல நோய்களுக்கும் உரியவை. இருதயக் கோளாறாக இருக்கலாம். காசநோயாகவும் இருக்கலாம். இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் எந்த வேலை செய்தவராக இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

முக்கியமான சிக்கல் இதுதான். பெரிலிய நோயும் சார்கோய்டோசிஸும் எக்ஸ்ரேயிலும் சதைத் துணுக்குச் சோதனையிலும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாகவே தெரியும். சேலம் நகரில் முதலில் நடந்த குழப்பமும் அதுதான். இரண்டையும் பிரித்துக் காட்ட முதலில் உதவுவது எந்த இயந்திரமும் அல்ல, நோயாளி தன் வேலையைப் பற்றிச் சொல்லும் தகவல். பலதுறை மருந்தகத்தில் டாக்டருக்கு நேரம் குறைவு. 'என்ன வேலை?' என்று கேட்டால், 'ஓய்வு பெற்றுவிட்டேன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பதிலோடு நாற்பது ஆண்டு உழைப்பும் கணினியில் ஒரே சொல்லாகிவிடுகிறது.

வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பட்டறை, எந்தப் பிரிவு என்பதை வரிசையாக எழுதுங்கள். பதவியின் பெயரைவிடக் கை செய்த வேலை முக்கியம். 'பொது ஊழியர்' என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. 'எண்ணெய்க் கப்பல் தொட்டிக்குள் வேலை, தீப்பொறி வராத உளியைக் கிரைண்டரில் தீட்டினேன், துணி முகமூடிதான் போட்டிருந்தேன்' என்று எழுதினால் புரியும். ஆண்டு மறந்துபோனால் நீண்டகாலச் சேவைக்காக நிறுவனம் தந்த கேடயத்தையோ கைக்கடிகாரத்தையோ எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் ஆண்டு பொறித்திருக்கும். பழைய நண்பரைத் தொலைபேசியில் அழைத்தாலும் நினைவு திரும்பும். தமிழில் எழுதினால் போதும். பிள்ளையிடமோ பேரப்பிள்ளையிடமோ கொடுத்து ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் சேர்ந்துள்ள டாக்டரிடம் ஒரு பிரதி கொடுத்தால், அது உங்கள் பதிவில் இருக்கும்.

ஏற்கெனவே உங்களுக்குச் சார்கோய்டோசிஸ் என்று சொல்லியிருந்தாலும், 'நுரையீரலில் தழும்பு, காரணம் தெரியவில்லை' என்று சொல்லியிருந்தாலும், அடுத்த முறை போகும்போது இந்தத் தாளைக் காட்டுங்கள். 'டாக்டர், நான் முன்பு உலோகத் தூசியில் வேலை செய்திருக்கிறேன். பெரிலியம் அல்லது கோபால்ட்டாக இருக்குமா என்று பார்க்க முடியுமா?' என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பலருக்கு இது பயனுள்ள தகவலாகவே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் மருத்துவமனையில் உள்ள நுரையீரல் நிபுணரிடம் அனுப்புவார்கள். மூச்சுத் திறன் சோதனை, சிடி ஸ்கேன் ஆகியவை செய்யப்படலாம். பெரிலியத்துக்கென்றே ஓர் இரத்தச் சோதனை உண்டு. உங்கள் இரத்தத்தின் வெள்ளை அணுக்களோடு பெரிலியத்தைச் சேர்த்து, அவை பெருகுகின்றனவா என்று பார்ப்பார்கள். பெருகினால், காவலர் பெரிலியத்தை முன்பே அடையாளம் கண்டுவைத்திருக்கிறார் என்று பொருள். உலகில் ஒரு சில ஆய்வுக்கூடங்கள் மட்டுமே செய்யும் சோதனை அது. தேவையா என்பதை நிபுணர் முடிவு செய்வார். ஒரு முறை மட்டும் பார்த்து முடிவு சொல்லமாட்டார்கள். சோதனையில் தெரிந்தும் நோய் தொடங்காதவர்கள் உண்டு. அவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூச்சுத் திறனைச் சோதித்துவந்தால் போதும்.

சிகிச்சையும் இழப்பீடும்

நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் கட்டுப்படுத்த முடியும். மூச்சுத் திறன் குறையத் தொடங்கினால் டாக்டர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது காவலர் கூட்டிய கூட்டத்தை அமைதிப்படுத்துகிறது. நம்மவர் பலருக்கு நீரிழிவு உண்டு. ஸ்டீராய்டு எடுக்கும்போது இரத்தச் சர்க்கரை ஏறும். ஆகவே நீரிழிவுக்கு நீங்கள் சாப்பிடும் மருந்துகளை நுரையீரல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை ஏறுகிறதே என்று பயந்து ஸ்டீராய்டைத் திடீரென நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டு ஒத்துவராதவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற வேறு மருந்துகள் உண்டு. சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். புகைப்பவராக இருந்தால் நிறுத்துங்கள். புகை இந்த நோயை உண்டாக்குவதில்லை, ஆனால் மிஞ்சியிருக்கும் மூச்சையும் அது தின்றுவிடும்.

சிங்கப்பூரில் பெரிலியத்தால் வரும் பாதிப்பு, சட்டத்தில் பட்டியலிடப்பட்ட தொழில்சார் நோய்களில் ஒன்று. நோய் உறுதியானால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரவும் வழி உண்டு. அதற்குக் கால வரம்புகள் இருப்பதால், நிபுணர் நோயின் பெயரைச் சொன்னதும் தள்ளிப்போடாமல் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். 'அந்தக் காலத்தில் சோறு போட்ட கம்பெனி, அதன் மேல் எப்படிப் புகார் கொடுப்பது?' என்று தயங்குவோர் உண்டு. அந்த நன்றியுணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் இது புகார் அல்ல. சட்டம் உங்களுக்காகவே வைத்திருக்கும் ஏற்பாடு. மேலும், ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்தால்தான், அதே வேலையை இன்று செய்பவர்களை அதிகாரிகள் சோதித்துப் பார்க்க முடியும்.

உங்கள் மகனோ மருமகனோ இன்று வெல்டிங், கிரைண்டிங், பிளாஸ்டிங், உலோகக் கடைசல் வேலையில் இருந்தால், அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். 'நீ அறுக்கும் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியுமா?' ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்றை முதலாளி வைத்திருக்க வேண்டும், அதில் பெயர்கள் இருக்கும். இரண்டாவது கேள்வி, 'வேலை உடுப்பை எங்கே மாற்றுகிறாய்?' வேலையிடத்திலேயே குளித்து, உடுப்பையும் காலணியையும் மாற்றிவிட்டு வருவதே சரி. தூசி படிந்த உடுப்பை வீட்டு வாசலில் உதறக்கூடாது, பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. சுருட்டி ஒரு பையில் கட்டி, தனியாக, ஈரத்தில் நனைத்துத் துவைக்க வேண்டும். பெரிலியத் தூள் தோலில் பட்டாலும் உடல் அதற்கு எதிராகப் பழகிக்கொள்ளக்கூடும் என்பதால், கையுறை போடச் சொல்லுங்கள். தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் தள்ளுவது பட்டறைகளில் இன்னும் இருக்கும் பழக்கம். அதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைக்கவோ, நுண்துகள் வடிகட்டி உள்ள தூசு உறிஞ்சியைப் பயன்படுத்தவோ சொல்லுங்கள்.